பைண்டு புத்தகத்தின் பின்பக்கம்

வாழைப்பூ வடைக்குக் கடலைப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, காய்ந்த மிளகாயும் சோம்பும் சேர்த்து... இதுவரை எனக்கு மனப்பாடம். அதற்கு மேல் தெரியாது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் ஒருவன் ஹோட்டல் அறையில் செத்துக் கிடப்பான்.

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிப் படித்தவர்களுக்கு இது விளங்கும். கதைப் பக்கத்தைக் கிழித்தால் அதன் முதுகில் இருப்பதும் கூடவே வந்துவிடும். பாதிச் சமையல் குறிப்பு, பதில் இல்லாத கேள்வி, தலைப்பு போன சினிமாச் செய்தி, படம் மட்டும் மிஞ்சிய ஜோக். என் பொது அறிவு இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. எல்லாமே பாதி தெரியும்.

என் அப்பா உடுமலைப்பேட்டையில் பைண்டர். நோட்டுப் புத்தகம், மில்களுக்குப் பேரேடு, பள்ளிக்கூடங்களுக்கு வருகைப் பதிவேடு, இதெல்லாம்தான் தொழில். ஆனால் அது ஏப்ரலில் தொடங்கி ஜூனோடு ஓய்ந்துவிடும். மீதி மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது ஊரிலிருந்த மூன்று லெண்டிங் லைப்ரரிகளால். தொடர் ஒன்று முடிந்ததும் லைப்ரரி அண்ணன் பழைய இதழ்களை மூட்டையாகக் கட்டி வந்து போடுவார். பின்னைப் பிடுங்கி, கதைப் பக்கங்களை மட்டும் உருவி, வார வரிசைப்படி அடுக்கிக் கொடுப்பது என் வேலை. அப்பா தமரூசியால் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்து, அட்டை வைத்து, முதுகுக்குக் காலிகோ துணி ஒட்டுவார். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்திருக்கும். அந்த வாடை வராத புத்தகத்தைப் படித்தால் எனக்கு இப்போதும் ஏதோ குறைகிறது.

அடுக்கத்தான் சொன்னார், படிக்கச் சொல்லவில்லை. ஆனால் அத்தியாய எண் கிழிந்து போயிருந்தால் படித்துப் பார்க்காமல் எப்படி வரிசை கண்டுபிடிப்பது? அப்பாவிடம் நான் வைத்திருந்த சாக்கு இதுதான். எத்தனையோ எண்களை நானே கிழித்திருக்கிறேன், அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருடம் ஆன பிறகு இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இப்படி ஒட்டுக்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததால், கதைகளை நான் படித்த விதமே கொஞ்சம் கோணலாக அமைந்துவிட்டது. மற்றவர்கள் அடுத்து என்ன நடக்கும் என்று பார்ப்பார்கள். நான் இந்த வாரத்துக்குக் கொடுத்த இடத்தில் ஆள் எப்படிச் சமாளித்திருக்கிறார் என்று பார்ப்பேன். போன வாரம் நள்ளிரவில் கதவு தடதடவென்று தட்டப்பட்டிருக்கும். கதாநாயகி வியர்த்துப் போயிருப்பாள். தொடரும். இந்த வாரம் திறந்தால் தந்தி சேவகர். பைண்டில் படிக்கும்போது இந்தத் திருட்டு ஒரே நொடியில் பிடிபட்டுவிடும், இரண்டுக்கும் நடுவில் ஒரு தையல் நூல்தான் இருக்கிறது. வாரா வாரம் படித்தவர்களுக்கோ நடுவில் ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளும் ஊரில் அதே பேச்சு.

இதழ் கிடைக்காத வாரங்களும் உண்டு. யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தந்திருக்க மாட்டார்கள். அப்போது அப்பா அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தைத்து, 'இந்த வாரம் கிடைக்கவில்லை' என்று பேனாவால் எழுதிவிடுவார். சாண்டில்யனின் சரித்திரத் தொடர் ஒன்றில் அப்படி ஒரு வாரம் விட்டுப்போனது. பக்கத்துப் பள்ளியில் வேலை பார்த்த ஒரு டீச்சரம்மா அந்தப் புத்தகத்தை வாடகைக்கு எடுத்துப்போய்த் திருப்பித் தந்தபோது, வெள்ளைத் தாளில் அழகான கையெழுத்தில், விட்டுப்போன அத்தியாயத்தில் நடந்ததை எழுதி வைத்திருந்தார். முதல் முறை பத்திரிகையில் படித்தது அவருக்கு நினைவில் இருந்திருக்கிறது. இளவரசி சுரங்க வழியாகத் தப்பிக்கிறாள், ஒற்றன் பார்த்துவிடுகிறான், மோதிரம் கை மாறுகிறது. அரைப் பக்கம்.

பிற்பாடு வேலைக்குப் போய், அந்த நாவலைப் புத்தகமாக வாங்கி, ஆவலோடு முதலில் அந்த அத்தியாயத்தைத்தான் புரட்டினேன். பதினோரு பக்கம் இருந்தது. இளவரசி சுரங்க வழியாகத் தப்பிக்கிறாள், ஒற்றன் பார்த்துவிடுகிறான், மோதிரம் கை மாறுகிறது. மீதி பத்தரைப் பக்கமும் இளவரசியின் இடை. டீச்சரம்மா ஒன்றையும் விடவில்லை.

சாண்டில்யனைக் கிண்டல் பண்ணுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கடல் காற்றையும் மரக்கலத்தையும் வைத்து அவர் கட்டிய போர்க்களங்களைப் படித்துத்தான், கடலையே பார்க்காத உடுமலைப் பையனான நான் நாகப்பட்டினத்தையும் கடாரத்தையும் கனவு கண்டேன். ஆனால் அந்த இடை வர்ணனை ஏன் அவ்வளவு நீளம் என்பதற்கு எனக்கு ஒரு பைண்டர் வீட்டு விளக்கம் உண்டு. கதை எவ்வளவு நகர்ந்தாலும் நகராவிட்டாலும் வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று இடம் ஒதுக்கியிருப்பார்கள். அதை நிரப்பியாக வேண்டும். ஓவியர் லதா வரைந்த படம் பாதிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும், மீதியை எழுத்துதானே நிரப்ப வேண்டும்?

மாத நாவலில் கதை தலைகீழ். அங்கே இடம் போதாது. தாளைப் பெரியதாக அச்சடித்து மடித்தால் ஒரு பாரத்துக்கு பதினாறு பக்கம். 96 பக்கம் என்றால் ஆறு பாரம். கதை 97ஆம் பக்கத்துக்கு ஓட முடியாது, ஓடினால் இன்னொரு பாரம் சேர்க்க வேண்டும், விலை கட்டாது. அதனால்தான் நம் துப்பறியும் நிபுணர்கள் 85ஆம் பக்கம் வரை சாவகாசமாகக் காப்பி குடித்துவிட்டு, கடைசிப் பத்துப் பக்கத்தில் மூச்சு விடாமல் பேசுகிறார்கள். "நீ அன்னிக்கு ராத்திரி பின்பக்கமா வந்தே..." என்று தொடங்கினால், கொலைகாரன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான். ஒருவனாவது வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதில்லை. சின்ன வயதில் இது எனக்குப் பெரிய எரிச்சல். அப்பாவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த நாவலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "ஆறு பாரம்டா. அதுக்குள்ள அவரு முடிச்சாகணுமில்ல" என்றார். அப்பா வாழ்க்கையில் ஒரு நாவலும் முழுதாகப் படித்தவரில்லை. ஆனால் நான் கேட்ட இலக்கிய விமர்சனங்களில் இதைவிடப் பொருத்தமாக ஒன்றைக் கேட்டதில்லை.

ராஜேஷ்குமாருக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக்காரர், கோயமுத்தூர். 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். எண்ணிக்கையைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அவர் முக்கியமாகப் பட்டதற்குக் காரணம் வேறு. அதுவரை நான் படித்த கொலைகள் எல்லாம் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் பெங்களூரிலும் நடந்தன. எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் சாகவில்லை. இவர் வந்து ஆர்.எஸ்.புரத்திலும் காந்திபுரத்திலும் பிணங்களைப் போட்டார். நான் டவுன் பஸ்ஸில் போகிற தெருவில் அவருடைய துப்பறியும் நாயகன் விவேக் காரை நிறுத்திவிட்டு இறங்கினான். அந்தச் சந்தோஷம் கோவை, திருப்பூர், பொள்ளாச்சிக்காரர்களுக்குத்தான் தெரியும்.

அவருடைய வேலைப்பாட்டில் ஒன்று எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒரு அத்தியாயத்தில் விவேக்கும் அவன் மனைவி ரூபலாவும் ஒரு விஷயத்தின் பின்னால் போவார்கள். அடுத்த அத்தியாயம் வேறு ஊர், வேறு ஆட்கள், சம்பந்தமே இருக்காது. இப்படி இரண்டு தண்டவாளங்களாகப் போய்க் கடைசியில் ஒரு ஸ்டேஷனில் சேரும். எங்கே சேரும் என்று ஊகிப்பதுதான் விளையாட்டு. உடுமலை பஸ் ஸ்டாண்டு கடையில் நாவலை வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தால், பொள்ளாச்சிக்குள் முதல் பிணம், கிணத்துக்கடவில் இரண்டாவது, உக்கடம் குளம் தெரியும்போது முடிச்சு அவிழும். சில டிரைவர்கள் வேகமாக ஓட்டிக் கெடுத்துவிடுவார்கள். அன்றைக்கு உக்கடத்தில் இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்து முடித்து, கண்டக்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

குறையும் உண்டு. வில்லன், போலீஸ், வீட்டு வேலைக்காரப் பெண் என்று எல்லாரும் ஒரே மாதிரி பேசுவார்கள். பத்து நாவலைச் சேர்த்துப் படித்தால் எது எதில் நடந்தது என்று குழம்பிவிடும். ஆனால் பத்தைச் சேர்த்துப் படிக்க அவர் எழுதவில்லையே, ஒரு பயணத்துக்கு ஒன்று என்றுதானே எழுதினார்? கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் கிரைம் நாவல், பாக்கெட் நாவல் வரிசையில், அட்டையில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அதை எடுத்து முதல் பக்கத்தைப் படிக்கிறவனுக்கு பஸ் கிளம்ப மூன்று நிமிடம்தான் இருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் அவனைச் சட்டைப்பையில் கை விட வைக்க வேண்டும். இது லேசான வித்தையா என்ன?

இதே கயிற்றில் பட்டுக்கோட்டை பிரபாகர் தொங்குவார், சுபா தொங்குவார்கள். ஆமாம், சுபா என்றால் சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இரண்டு பேர். பிற்பாடு கே.வி.ஆனந்தின் அயன், கோ படங்களில் அவர்கள் பெயரைப் பார்த்தபோது, தியேட்டரில் என் பக்கத்து சீட்டுக்காரரிடம் "எனக்கு இவங்களைத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். தெரியாதுதான். பிரபாகரின் துப்பறியும் நாயகி சுசீலா போட்டுவரும் டீ-ஷர்ட் வாசகங்களுக்காகவே நாவல் வாங்கிய நண்பர்கள் எனக்கு இருந்தார்கள். அவர்கள் இப்போது தாத்தா ஆகிவிட்டார்கள், பெயர் வேண்டாம்.

சுஜாதாவைப் பற்றி எழுத இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவரை மட்டும் மற்ற வெகுஜன எழுத்தாளர்களிடமிருந்து பிரித்துத் தனி மேடையில் ஏற்றிவிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அவரும் அதே வாரக் கணக்கில், அதே பக்கக் கணக்கில் எழுதியவர்தான். அந்தக் கணக்குக்குள் அவர் செய்த குறும்புகள்தான் அவரை வேறாக்கின. மாடிப்படியில் ஒருவன் இறங்கினால் 'இறங்கினான்' என்ற சொல்லே எழுத்து எழுத்தாகப் படியிறங்கும். நாங்கள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தோம். அப்பாதான், "இதை அச்சுக் கோத்தவன் என்ன பாடு பட்டானோ" என்றார். அவருடைய வக்கீல் ஜோடியில் ஜூனியரான வசந்த் அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கைச் சொல்ல ஆரம்பிப்பான், சீனியர் கணேஷ் தடுத்துவிடுவார். கடைசி வரை அதை முழுதாகச் சொல்லாமலே போய்விட்டார்கள். பாதிக் குறிப்புகளில் வளர்ந்த எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் சுஜாதா பக்கங்களில் ஒரு கட்டு மட்டும் எங்கள் வீட்டில் பைண்டு ஆகவே இல்லை. குமுதத்தில் 'கருப்பு சிவப்பு வெளுப்பு' என்று 1857 சிப்பாய்க் கலகத்தை வைத்து ஒரு தொடர் ஆரம்பித்தார். எதிர்ப்பு வந்து சில வாரங்களில் நின்றுபோனது. லைப்ரரி அண்ணன், "திரும்ப வரும், வெச்சிருங்கண்ணா" என்று அந்தச் சில பக்கங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா ரப்பர் பேண்டு போட்டுப் பரணில் வைத்தார். கதை பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு உருவில் வந்தது. அதற்கு வேறு கட்டு. முதலில் வந்தது மட்டும் பரணிலேயே கிடந்து, ரப்பர் பேண்டு உருகித் தாளோடு ஒட்டிக்கொண்டது. எழுதுகிறவன் கழுத்தை மிரட்டிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை நான் முதலில் பார்த்தது அந்தப் பிசுபிசுப்பில்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு வைஷ்ணவப் பாட்டி இருந்தார். ஸ்ரீவேணுகோபாலன் எழுதிய 'திருவரங்கன் உலா'வை அப்பாவிடம் கொடுத்து கெட்டி அட்டை போட்டு வாங்கி, பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். படையெடுப்புக்குத் தப்பி அரங்கன் ஊர் ஊராகப் போன கதையைப் படிக்கச் சொல்லி, கேட்டுக் கண்ணீர் விடுவார். அதே வாரம் லைப்ரரி அண்ணன் இன்னொரு பைண்டை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் கல்லூரிப் பையன்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். புஷ்பா தங்கதுரை. இரண்டு பெயருக்கும் ஒரே ஆள் என்று எனக்குத் தெரிந்தபோது பத்தொன்பது வயது. ஓடிப்போய்ப் பாட்டியிடம் சொல்லலாம் என்று வாசல் வரை போய்விட்டேன். பாட்டி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். இன்றைக்கு யோசித்தால் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றும் தோன்றுகிறது.

என் அக்கா ரமணிசந்திரன் கட்சி. அருணோதயம் வெளியீடுகளைச் சீட்டுப் பணத்தில் வாங்கி, தலையணைக்கடியில் வைத்திருப்பாள். நான் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டு அவளைச் சீண்டுவேன். வசதியான வீட்டுப் பையன், கோபக்காரன், அவளைத் தப்பாக நினைத்து வார்த்தையால் கொட்டுவான். கல்யாணமும் ஆகிவிடும். கடைசிப் பக்கங்களில் உண்மை தெரிந்து உருகுவான். இப்படித் திட்டுகிறவனை ஏன்தான் பிடிக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம வீட்டுல திட்டறவங்க யாராச்சும் கடைசில மன்னிப்புக் கேட்டிருக்காங்களா? இதுல கேக்கறான்ல." நான் அதற்குப் பிறகு அந்தக் கதைகளைக் கிண்டல் பண்ணுவதில்லை. அந்தக் கதாநாயகர்களை மட்டும் பண்ணுவேன்.

கோவையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தீவிர இலக்கிய நண்பர் வாய்த்தார். என் பெட்டியிலிருந்த மாத நாவல்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வாசிப்பே இல்லீங்க" என்றார். அவர் கொடுத்த புத்தகங்களையும் படித்தேன். பல நன்றாகவே இருந்தன, சில பக்கங்கள் என்னை உலுக்கின. ஆனால் அவர் திட்டிய திட்டு புதிதில்லை என்று பிறகு தெரிந்தது. அந்தக் காலத்தில் துப்பறியும் நாவல் எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் ஆரணி குப்புசாமி முதலியாரையும் ஜே.ஆர்.ரங்கராஜுவையும் நூறு வருடத்துக்கு முன்பே இதே மாதிரி திட்டியிருக்கிறார்கள், வாங்கியும் தீர்த்திருக்கிறார்கள். வை.மு.கோதைநாயகி 115 நாவல் எழுதி, ஜகன்மோகினி என்று பத்திரிகையே நடத்தியிருக்கிறார். அவர் எண்ணிக்கைக்கும் அன்றைக்கு யாராவது உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், 2008ல் பிளாஃப்ட் என்ற சென்னைப் பதிப்பகம் நம் மாத நாவல் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்துப் போட்டதும் அதே நண்பர் அதை வாங்கி அலமாரியில் நிமிர்த்தி வைத்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. காப்பி நன்றாக இருந்தது, குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

லெண்டிங் லைப்ரரிகள் ஒவ்வொன்றாக மூடின. சாயந்திர நேரத்தை டிவி சீரியல்கள் எடுத்துக்கொண்டன. தொடரும் என்ற சொல்லும் அங்கேயே குடிபோய்விட்டது. இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மதேசத்தை நாங்கள் வீட்டோடு உட்கார்ந்து பார்த்த இரவுகளில், தெருவில் நாய் குரைத்தால்கூட அம்மா எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்ப்பார். இப்போது என் மகள் கல்லூரி பஸ்ஸில் பிரதிலிபி என்ற செயலியில் தொடர்கதை படிக்கிறாள். யாரோ ஒரு இல்லத்தரசி பாகம் பாகமாக எழுதுகிறார். ஒவ்வொரு பாகமும் கதவு தட்டுகிற இடத்தில் முடிகிறது. கீழே இருநூறு பேர் அடுத்தது எப்போது என்று கேட்டிருக்கிறார்கள். மகளிடம், "திறந்தா தந்தி சேவகர்தான் இருப்பாரு" என்றேன். தந்தி என்றால் என்ன என்று கேட்டாள். மறுநாள் சாயந்திரம் வந்து, "கொரியர்காரர்ப்பா" என்றாள்.

கடைசி லைப்ரரியை மூடும்போது அண்ணன் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார். எனக்குத் தகவல் தெரிந்து பழைய பேப்பர் கடைக்குப் போனபோது முக்கால்வாசி லாரி ஏறியிருந்தது. மிச்சத்தைக் கிளறி, அப்பாவின் தையல் இருந்த பதினொன்றைப் பொறுக்கி வந்தேன். அவர் நூல் முடிச்சை முதுகின் உள்பக்கமாகப் போடுவார், தடவினாலே தெரியும். டீச்சரம்மா எழுதிய தாள் இருந்த சாண்டில்யன் அதில் இல்லை. அது போனதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அச்சில் வந்த அத்தியாயத்தை எந்தக் கடையிலும் வாங்கலாம், அந்த அரைப் பக்கத்தை எங்கே போய் வாங்குவது?

வாழைப்பூ வடைப் பக்கம் மட்டும் தப்பியிருக்கிறது. ஏழாவது அத்தியாயத்தின் முதுகில், சோம்பு சேர்த்து என்ற இடத்தில் நிற்கிறது. வீட்டில் இருபத்தாறு வருடமாக வாழைப்பூ வடை சுட்டுப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் மனைவி. சோம்புக்குப் பிறகு என்ன போடுகிறாள் என்று நான் இதுவரை அடுக்களையை எட்டிப் பார்த்ததில்லை.